பெரிய நோட்டு, சின்ன நோட்டு

கோட்டைக்குப்பம்,
பழவேற்காடு.
8.2.2026

மதிப்புக்குரிய மார்கரெட் அம்மாவுக்கு,

உங்களோடு ஒரு வார்த்தைகூடப் பேசாத ஒருத்தி இத்தனை வருடம் கழித்துக் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது. நேரில் பேசுவது எனக்கு எப்போதுமே கஷ்டம். காகிதத்திலும் அவ்வளவு சுலபமாக இல்லை.

என்னை உங்களுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. 2015 பிப்ரவரியில் நீங்கள் பிரான்சிலிருந்து பூநாரை பார்க்க வந்தபோது, முகத்துவாரத்துக்குப் போகும் வழியில் உங்கள் படகு சேற்றில் மாட்டிக்கொண்டது. படகுக்காரர்கள் இரண்டு பேர் இடுப்பளவு சேற்றில் இறங்கி இரண்டு மணி நேரம் தள்ளினார்கள். ஒருவர் ஆதிகேசவன், எனக்குப் பெரியப்பா முறை. இன்னொருவர் வேதாசலம், என் அப்பா. நான் நைனா என்று கூப்பிடுவேன். ஈரத்துணி மாற்ற நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அம்மா தன் புடவையைக் கொடுத்தார். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நீங்கள் பெயர் கேட்டதும் ஓடிப்போன பெண் நான்தான். என் பெயர் ஹேமாவதி. பதினோரு வருடம் தாமதமாகச் சொல்கிறேன்.

நீங்கள் ஊருக்குப் போய்ப் படங்களைத் தபாலில் அனுப்பினீர்கள். அந்த உறையின் மேலிருந்த முகவரியைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். வீடு மாறியிருந்தாலும் யாராவது உங்களிடம் சேர்ப்பார்கள் என்று நம்புகிறேன். நீங்கள் புதுச்சேரியில் பிறந்தவர், தமிழ் நன்றாகப் படிப்பீர்கள் என்று நைனா சொல்லியிருக்கிறார். உடம்பு சௌக்கியமாக இருக்கிறீர்களா? அங்கே இப்போது குளிர் அதிகமாக இருக்கும்.

இங்கே இந்த வருடம் பறவை தாமதமாகத்தான் வந்தது. முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்டு ஏரியில் தண்ணீர் குறைந்துவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி. நான் பொன்னேரியில் பி.காம். முடித்துவிட்டு, மீஞ்சூரில் ஒரு லாரி ஆபீஸில் பில் போடும் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் கணக்கு என்று எது வந்தாலும் என்னைக் கேட்பார்கள். இப்போது வந்திருக்கும் கணக்கில்தான் எல்லோரும் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

அன்று கிளம்பும்போது, படகுக் கூலியை ரூபாயில் கொடுத்த பிறகு, சேற்றில் பட்ட கஷ்டத்துக்காக ஒரு நூறு யூரோ நோட்டை நைனாவின் கையில் கொடுத்து, இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள் என்றீர்களாம். அடுத்த வாரம் நைனா பெரியப்பாவிடம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். பட்டணத்தில் மாற்றியதில் ஏழாயிரம் வந்தது, இது உன் பாதி என்று சொன்னார். பெரியப்பா அந்தப் பணத்தில் பெரியம்மாவுக்கு மூக்குத்தி வாங்கினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பத்து வருடம் யாரும் அதை நினைக்கவில்லை.

போன டிசம்பரில் ஜெர்மனியிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். இரண்டு நாள் படகு எடுத்தார்கள். கடைசியில் ரூபாய் தீர்ந்துபோய் ஒரு நூறு யூரோ நோட்டைக் கொடுத்தார்கள். இந்த முறை பெரியப்பாவே சென்னைக்குப் போய் மாற்றினார். பத்தாயிரத்து இருநூறு கிடைத்தது. ஐயாயிரத்து நூறை நைனாவின் கையில் வைத்தார். வைத்துவிட்டு உடனே போகவில்லை. நைனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்தேன். நைனா பணத்தை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார். ஏதோ சரியில்லை என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

மறுநாள் மீன் ஏலம் போடும் இடத்தில் பெரியப்பா கேட்டுவிட்டார். "வேதா, அன்னிக்கி மூவாயிரத்து ஐந்நூறு குடுத்தியே, இன்னிக்கி எனக்கு அஞ்சாயிரத்து நூறு வந்துச்சு. அதே நூறு நோட்டு. நடுவுல ஆயிரத்து அறநூறு எங்க போச்சு?"னு. சிரித்துக்கொண்டேதான் கேட்டாராம். நைனா, அப்போ வெல அவ்வளவுதான் அண்ணாத்த என்றாராம். "நோட்டுல நூறுனு போட்டுக்கீதே, அதுக்கு வெல வேறயா?"னு கேட்டபோது பெரியப்பா சிரிக்கவில்லையாம்.

அதிலிருந்து ஊரில் ஆளுக்கு ஒரு பேச்சு. ஜெர்மன்காரன் நோட்டுக்கு மவுசு அதிகம், பிரான்சு நோட்டுக்குக் கம்மி, அதனால்தான் வித்தியாசம் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். அந்தச் சமாதானத்தையே பெரியப்பா பிடித்துக்கொண்டார். "இருபது நாட்டுக்கும் ஒரே நோட்டுதான்னு மாத்துற கடைக்காரனே சொல்லிட்டான். ஒரே நோட்டுன்னா ஒரே காசு. அப்போ கொறஞ்சது வழியிலதான் கொறஞ்சிருக்கணும்"னு சொன்னார். அதோடு இன்னொன்றும் கண்டுபிடித்தார். நீங்கள் கொடுத்த நோட்டைவிட இந்த நோட்டு அகலம் குறைவாம். நீங்கள் கொடுத்ததை அன்று சேற்றுக் கையோடு தொட்டுப் பார்த்தது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. "சின்ன நோட்டுக்கே அஞ்சாயிரத்து நூறு பங்கு. அப்போ அந்தப் பெரிய நோட்டுக்கு இன்னா வந்திருக்கும்?"னு கேட்டார். கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவர் சொன்னதில் ஒன்று உண்மை. நான் போனில் தேடிப் பார்த்தேன். நடுவில் புது நோட்டு வந்திருக்கிறது. அது பழையதைவிட அகலம் குறைவுதான். ஆனால் இரண்டும் நூறு யூரோதான். பழைய நாள் விலையையும் தேடினேன். நீங்கள் வந்த பிப்ரவரியில் ஒரு யூரோ எழுபது ரூபாய் சொச்சம். அதற்கு முந்தின வருடம் எண்பதுக்கு மேல். கொரோனா இரண்டாம் வருடத்தில் எண்பத்தேழு, தொண்ணூறு என்று ஏறி, அடுத்த வருடம் எழுபத்தொன்பதுக்கு இறங்கி, இப்போது நூறையும் தாண்டிவிட்டது. நீங்கள் அன்று மாற்றிச் செலவு செய்ததற்கும் இன்று வந்து மாற்றுவதற்கும் நூறு யூரோவுக்கு மூவாயிரம் ரூபாய் வித்தியாசம். வருகிற உங்களுக்கு அது லாபமாக இருக்கும். எங்களுக்கு அது சண்டையாக வந்து சேர்ந்தது.

அந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. நைனா சொன்ன ஏழாயிரம் சரியாக இருக்கிறதே. வெட்கத்தை எல்லாம் விட்டுவிட்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். முத்தம்மாள் பெரியம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார். நான் போனைக் காட்டி, போன வருடம் இறால் என்ன விலை, இப்போது என்ன விலை, அது மாதிரிதான் இதுவும் என்று சொன்னேன். பெரியப்பா சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "எறா செத்தா நாறும், அதனால வெல ஏறும் எறங்கும். பணம் நாறுமா? பணத்த வெச்சித்தான் எறாவுக்கு வெல போடுறோம். பணத்துக்கே வெல போடுறவன் எவன், உங்கப்பனா?"னு கேட்டார். மூன்று வருடம் வணிகவியல் படித்தவள் நான். போனை அணைத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

பெரியம்மாதான் இரக்கப்பட்டார். "மாத்துன கடையில சீட்டு குடுப்பாங்களாமே பாப்பா. இவருக்கும் குடுத்தாங்க. உங்க நைனா வாங்குன சீட்ட எடுத்துக்கினு வா. அத பாத்துட்டா இந்த மனுசன் வாய மூடிடுவாரு"னு சொன்னார். சரியான யோசனை. வீட்டுக்கு வந்து நைனாவைக் கேட்டேன். பத்து வருட ரசீதை எவன் வைத்திருப்பான் என்றார். ஆனால் எங்கள் வீட்டில் காகிதம் எதையும் தூக்கிப்போட மாட்டார். என் ஐந்தாம் வகுப்பு மார்க் ஷீட்கூட இருக்கிறது. அப்போதுதான் ஒன்று உறுத்தியது. ரூபாய்க்கு மேல் பைசா சொச்சம் வைத்து விலை போடுகிற கடையில் மாற்றினால் சரியாக ஏழாயிரம் எப்படி வரும்?

நைனா வெளியே போன நேரம் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பெட்டியைத் திறக்கும்போதே திருடி மாதிரிதான் இருந்தது. ரசீது இருந்தது. நூறு யூரோ, ஒரு நோட்டு, வேதாசலம் என்ற பெயர், ஆதார் எண். எட்டாயிரத்து ஐந்நூற்றைம்பது ரூபாய். தேதி ஆகஸ்டு 2021.

அம்மா, நீங்கள் கொடுத்தது 2015இல். மாற்றியது 2021இல். நடுவில் ஆறு வருடம் அந்த நோட்டு எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது. பெரியப்பாவுக்கு, மாற்றிவிட்டேன் என்று சொல்லிக் கொடுத்தது நைனாவின் சொந்தப் பணம்.

ரசீதோடு இன்னொரு பில்லும் பின் அடித்திருந்தது. அதே வாரத்தில் வாங்கிய போன். நான் கல்லூரியில் சேர்ந்த சமயம், வகுப்பெல்லாம் போனில்தான் நடந்தது. போன் இல்லையென்றால் சேர்ந்தும் பிரயோஜனமில்லை என்று அழுதுகொண்டிருந்தேன். ஒருநாள் நைனா புதுப் பெட்டியோடு வந்தார். பணம் ஏது என்று அன்று நான் கேட்கவே இல்லை. எல்லாவற்றையும் கவனிக்கிறவள் என்று என்னை எல்லோரும் சொல்வார்கள்.

நைனாவிடம் ரசீதைக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டே சொன்னார். "பொன்னேரி பேங்க்ல போயி கேட்டேன், எழுபதுனு சொன்னாங்க. அந்த வெலைக்கு அண்ணாத்த பங்க என் எறா காசுல குடுத்துட்டேன். நோட்ட நான் வெச்சிக்கினேன். அந்தம்மாதான் இப்ப மாத்தாதீங்க, வெச்சிருங்க, நல்லா ஏறும்னு சொன்னாங்க. எறங்கியிருந்தா நட்டம் என்னுதுதானே, அண்ணாத்தகிட்ட போயி திருப்பிக் கேட்டிருப்பேனா?"னு கேட்டார். அப்படியானால் ஏன் மாற்றிவிட்டதாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன். ஈயத்தை எண்ணுவது போல் குனிந்துகொண்டார்.

அவர் சொன்னதை நான் இரண்டு நாள் யோசித்தேன். இறங்கியிருந்தால் அவருக்குத்தான் நட்டம், அது நியாயம். ஆனால் ஏறும் என்று சொன்னதைப் பெரியப்பாவும் கேட்டிருந்தால் அவரும் தன் பாதியை வைத்திருக்கலாமே, அதுவும் நியாயம். நீங்கள் சொன்னபோது பெரியப்பா நங்கூரம் போடப் போயிருந்தார் என்கிறார் நைனா.

மூன்றாம் நாள், நோட்டை ஏன் அப்போதே மாற்றவில்லை என்று அம்மா கேட்டபோது நைனா வேறு மாதிரி சொன்னார். "ஞாபகமா வெச்சிக்கோங்கனு அந்தம்மா குடுத்தாங்க, அதான் மாத்த மனசு வரல"னு. ஏறும் என்ற பேச்சே அதில் இல்லை. ஒரே வாரத்தில் இரண்டு விதம். அம்மா கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கவனித்ததிலிருந்து நைனாவுக்குச் சோறு போடும்போதுகூட அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. எட்டாயிரத்து ஐந்நூற்றைம்பதில் ஏழாயிரத்தைக் கழித்து, மீதியில் பாதி எழுநூற்று எழுபத்தைந்து ரூபாய். அதை என் சம்பளத்திலிருந்து கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன். ரசீதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பெரியம்மாவின் கையில் கொடுத்து, சண்டை வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பெரியப்பா உள்ளேயிருந்து வந்து அந்தப் பணத்தை வாங்கி, வாசலில் நின்ற நாலு பேருக்கும் தெரியும்படி உயரப் பிடித்தார். "பாத்துக்கோங்கப்பா. ஆயிரத்து அறநூறு தின்னுட்டு, எழுநூத்தி எழுபத்தஞ்சு திரும்பி வந்துக்கீது. தின்னாதவன் வூட்டுப் பொண்ணு எதுக்குக் குடுக்கப் போவுது?"னு கேட்டார். அழுதுகொண்டே வந்துவிட்டேன். அழுததையும் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

நைனா என்னைத் திட்டவில்லை. "நீயே தீர்ப்பு எழுதிட்டியேம்மா" என்று மட்டும் சொன்னார்.

இது ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் விஷயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். இங்கே அப்படி இல்லை. ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை ஊரில் சீட்டு எடுத்துத்தான் முடிவு செய்வார்கள். அதைப் பாடு என்று சொல்வோம். ஆறு பேர் ஒரு செட்டாகச் சேர்ந்து இறங்குவார்கள். கிடைத்த இறாலை ஒருவர் கொண்டுபோய் விற்பார், அவர் சொல்கிற தொகையைத்தான் மற்ற ஐந்து பேரும் நம்பிப் பங்கு வாங்குவார்கள். பங்கில் கை வைத்தவன் என்று ஒருவனுக்குப் பெயர் வந்துவிட்டால் எந்தச் செட்டிலும் சேர்க்க மாட்டார்கள். எங்கள் செட்டில் விற்றுக்கொண்டு வருகிறவர் இருபது வருடமாக நைனாதான். இப்போது பழைய விற்பனையை எல்லாம் கிளற ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு தீபாவளிக்குக் குறைந்த பங்கு, ஒரு புயலுக்கு முன்னால் விற்ற விலை, எல்லாமே இப்போது அவர்களுக்கு வேறு மாதிரி தெரிகிறது. எனக்கும் சில சமயம் அப்படித் தெரிகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பங்குனி பத்தாம் தேதி, அதாவது மார்ச் 24, ஊர்க்கூட்டம். சீட்டு எடுப்பதற்கு முன்னால் நைனா கோயிலில் கற்பூரத்தை அணைத்து, அந்த நோட்டில் ஒரு பைசாகூட அதிகம் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. செய்தால் செட்டில் இருப்பார். செய்யாவிட்டால் இல்லை. நைனா செய்ய மாட்டேன் என்கிறார். ஏன் என்று ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ரசீது இப்போது என் சான்றிதழ் உறைக்குள் இருக்கிறது. நைனாவைத் தவிர நான் அதை யாருக்கும் காட்டவில்லை. காட்டினால் பொய் சொன்னது தெரியும், காட்டாவிட்டால் திருடியதாகவே இருக்கும்.

இப்போதே அவரை யாரும் கூப்பிடுவதில்லை. தனியாக நண்டு பிடித்துக்கொண்டு வருகிறார். மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் காவலாளி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், என் ஆபீஸில் சொல்லி வைக்க முடியுமா என்று நேற்று என்னைக் கேட்டார். ஏரியைத் தவிர வேறு வேலை தெரியாத ஒருவர் மகளிடம் கேட்டது அது.

உங்களுக்குத் தொந்தரவு தர வேண்டும் என்று இதை எழுதவில்லை. நீங்கள் நல்ல மனசோடு கொடுத்தீர்கள். அந்த நோட்டால்தான் நான் படித்தேன் என்பதையும் மறைக்கவில்லை. நீங்களும் உங்களைச் சேர்ந்தவர்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். மறுபடி இந்தப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும். இந்த முறை நானே பரிமாறுவேன்.

முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். அன்று நோட்டைக் கொடுக்கும்போது, இப்போது மாற்ற வேண்டாம் என்றோ, வைத்திருங்கள் என்றோ, நைனாவிடம் நீங்கள் ஏதாவது சொன்னீர்களா? சொல்லியிருந்தால், என்ன வார்த்தை சொன்னீர்களோ அதை அப்படியே உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம். நானே எழுதிக்கொண்டேன் என்பார்கள். ஆதிகேசவன், கோட்டைக்குப்பம் என்று போட்டால் போதும், தபால்காரருக்குத் தெரியும். மார்ச் 24க்குள் வந்து சேர்ந்தால், அன்றைக்கு ரசீதையும் நானே எடுத்துக்கொண்டு போய்க் கூட்டத்தில் வைக்கிறேன்.

நீங்கள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்றால், அம்மா, தயவு செய்து பதில் எழுதாதீர்கள். இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கவே இல்லை என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
வே. ஹேமாவதி